ஆன்டிவைரஸ் போட்ட பிறகு பிரவுசர் நகரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கேள்வி (கருங்கல்):
கருங்கல்லில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் மையம் நடத்துகிறேன். பட்டா, சிட்டா எடுப்பது, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, இதுதான் வேலை. போன மாதம் காசு கொடுத்து ஒரு ஆன்டிவைரஸ் போட்டேன். அன்றிலிருந்து ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. நேற்று தேங்காப்பட்டணத்திலிருந்து ஒரு பாட்டி பேத்தியின் சான்றுக்காக வந்தார். பக்கம் திறப்பதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது, மூன்று தடவை. மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசே கேட்கவில்லை.

விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். அதே வைஃபையில் போன் வேகமாக ஓடுகிறது. குரோமை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். பயர்பாக்ஸிலும் இதே கதைதான். ஆன்டிவைரஸைப் பத்து நிமிடம் நிறுத்தினால் சட்டென்று திறக்கிறது. ஆனால் நிறுத்தி வைக்கப் பயம். ஊர்க்காரர்கள் ஆதாரை நம்பி என் கையில் தருகிறார்கள்.

பதில் (தக்கலை):
குரோம் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள், சரியாகிவிடும்.

பதில் (மார்த்தாண்டம்):
அண்ணா, அது வேண்டாம். வெளியிலிருந்து வருவதெல்லாம் பிரவுசர் வழியாகத்தானே வருகிறது, அங்கேயே காவலை எடுக்கலாமா? முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறங்கள். அந்த நேரத்தில் சிபியு, டிஸ்க் இரண்டிலும் எது மேலே ஏறுகிறது? வேறு ஆன்டிவைரஸ் ஏதாவது உள்ளே கிடக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
புது ஆன்டிவைரஸ்தான் ஏறுகிறது, டிஸ்க் 100 சதவீதம். லேப்டாப் வாங்கியபோது கூடவே வந்த பழைய ஒன்றும் இருக்கிறது. சந்தா முடிந்துவிட்டது என்று அப்படியே விட்டிருந்தேன்.

பதில் (மார்த்தாண்டம்):
சரி, பிடிபட்டது. நிகழ்நேரக் காவல் (கோப்பைத் திறக்கும்போதே சோதிப்பது) இரண்டு இருந்தால் ஒரே கோப்பை இரண்டும் திறந்து பார்க்கும். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் வந்ததும் தானாக ஒதுங்கிக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் அப்படி ஒதுங்குவதில்லை. பழையதை கண்ட்ரோல் பேனலில் நீக்கினால் மட்டும் பல நேரம் போதாது, மிச்சம் தங்கும். அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம், ஏதாவது ஒரு தளத்தில் முகவரிக்கு இடது பக்கக் குறியை அழுத்தி அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் பாருங்கள். வழங்கியவர் என்ற இடத்தில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது பூட்டிய இணைப்பை நடுவில் பிரித்துப் படித்து, மறுபடி பூட்டி அனுப்புகிறது என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டர் அங்கேதான் திணறும். ஆன்டிவைரஸ் செட்டிங்கில் எச்டிடிபிஎஸ் ஸ்கேன் (இப்படிப் பூட்டிய இணைப்பைப் பிரித்துப் பார்ப்பது) ஒன்றை மட்டும் அணையுங்கள். கோப்புக் காவல் கண்டிப்பாக இருக்கட்டும். இறங்கும் கோப்பை அது எப்படியும் பார்க்கும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டும் செய்தேன். பழையது போனதும் பாதி வேகம் வந்தது. சான்றிதழில் நீங்கள் சொன்னபடியே ஆன்டிவைரஸ் பெயர்தான் இருந்தது. அந்த ஸ்கேனை அணைத்ததும் 4 விநாடியில் பக்கம் வருகிறது. காலையில் கடை திறந்ததும் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்.

பதில் (தக்கலை):
நான் சொன்னது தவறுதான், தம்பி. காலை மந்தத்துக்கு, முழு ஸ்கேன் எத்தனை மணிக்கு வைத்திருக்கிறது என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மற்றவர்களின் ஆதாரைத் தொடும் கம்ப்யூட்டர், அதையும் சீக்கிரம் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
காலை 9.30-க்கு இருந்தது, 1.30-க்கு மாற்றிவிட்டேன். பாட்டிக்குப் போன் போட்டு நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.