கலைச்சொல் வேண்டும்: பிள்ளை தரும் ‘அசென்ட்’டுக்குத் தமிழில் என்ன?

சத்துவாச்சாரி மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவம் முடித்துக் கொடுக்க வேண்டும், ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகை பற்றிய ஆய்வு. உயரம், எடை பார்ப்பார்கள், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தருவது ‘கன்சென்ட்’. அதற்கு ஒப்புதல் என்று எழுதிப் பழகிவிட்டோம், சண்டை இல்லை. பிள்ளையிடமே கேட்டு வாங்குவது ‘அசென்ட்’. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 11 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும், 12 முதல் 18 வரை எழுத்தில். இது போன்ற, பிள்ளைக்கு நேரடிச் சிகிச்சை எதுவும் இல்லாத ஆய்வில் அம்மா அப்பா சரி என்று சொல்லியிருந்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

பழைய படிவம் ஒன்றில் இரண்டுக்கும் ‘ஒப்புதல்’ என்றே போட்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்க்கிற தாய், ஒரே தாள் தவறுதலாக இரண்டு வந்துவிட்டது என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எனக்கு வேறு சொல் வேண்டும். சின்னதாக, பிள்ளைக்குப் புரிகிற மாதிரி.


குடியாத்தம் தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய் காலை

தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது. நேர்தல். நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பிரிக்கும்போது உடன்பட்டுச் சொல்வதை ‘நேர்’ என்றும் மறுத்துச் சொல்வதை ‘மறை’ என்றும் வைத்தார். பெண் கொடுக்கச் சம்மதிப்பதை மகட்கொடை நேர்தல் என்பது மரபு. ஆகவே அசென்ட் என்பது நேர்வு, பிள்ளை வேண்டாம் என்றால் மறை. இரட்டையாக அழகாக அமைகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?


சென்னை, கணினித்துறை நண்பர், செவ்வாய் மதியம்

ஐயா சொன்ன நேர்வு நல்ல சொல், ஆனால் இன்றைக்கு ‘நேர்வு’ என்றால் நிகழ்ச்சி, சம்பவம் என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். நான் இசைவு என்பேன். இயை என்பதுதான் இசை ஆனது, முயலை முசல் என்பதுபோல. இரண்டு பொருள் ஒன்றோடொன்று பொருந்தி வருவது இயைவு. பாட்டு இசையானதும் அந்தப் பொருத்தத்தால்தான். ஒப்புதலில் ‘ஒப்பு’ இருக்கிறது, சமமாக நின்று ஏற்றுக்கொள்வது. அது பெரியவர்களுக்கு. இசைவில் அந்தச் சட்டக் கனம் கிடையாது, மனம் பொருந்தி வருகிறது என்பது மட்டும்தான். ‘சிறார் இசைவு’ என்று வையுங்கள். சம்மதம் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், வடசொல்லை விட்டுத் தமிழில் நாலு சொல் இருக்கும்போது எதற்கு?


கே.வி.குப்பம் களப்பணியாளர், செவ்வாய் இரவு

நான் இலக்கணம் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் இந்தப் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது என்னைப் போன்றவர்கள்தான், அதனால் சொல்கிறேன். மன்னிக்கணும் ஐயா, நேர்வு வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் நேர்ந்து விடுவது என்றால் சாமிக்கு விடுவது. ரத்தம் எடுக்க வந்திருக்கும் ஆள் ஒரு தாயிடம் போய் ‘உங்கள் பிள்ளை நேர வேண்டும்’ என்றால் அந்தம்மா என்ன நினைப்பாள்? கிடாவைத்தான் நினைப்பாள்.

இசைவும் எனக்குத் தயக்கம்தான். இன்றைக்கு மதியத்துக்கு மேல் இரண்டு பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘பாட்டு கிளாஸா அக்கா?’ என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான், முகத்தில் ஆசை இருந்தது.

ஒப்புதல் ஏன் கூடாது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். விளையாட்டில் சின்னப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோம் இல்லையா, ஆட்டத்தில் இருக்கும், ஆனால் கணக்கில் வராது. பிள்ளையிடம் ஒப்புதல் வாங்குவது பல இடத்தில் அப்படித்தான் நடக்கிறது, ஒப்புக்கு.

ஒரு பெண் பிள்ளை, வயது ஒன்பது இருக்கும். அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக்கொண்டு கையைக் கேட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘அக்கா, நேத்துதான் மருதாணி வச்சாங்க’ என்றாள். வேண்டாம் என்று சொல்லவே இல்லை. விரல் நுனியெல்லாம் செக்கச் செவேலென்று தொப்பி வைத்த மாதிரி இருந்தது. நான் பஞ்சை மூடி வைத்துவிட்டேன். அதற்கு முன்பு நான் வேலை பார்த்த வேறொரு ஆய்வில் இப்படிச் சொன்ன பிள்ளைகளையெல்லாம் மேற்பார்வையாளர் ‘மறுப்பு இல்லை’ என்று குறிக்கச் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அது மனசில் உறுத்துகிறது.


குடியாத்தம் தமிழாசிரியர், புதன் விடியற்காலை

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கிடா விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, நேர்வைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நன்னூலை விடமாட்டேன், ஏனென்றால் உங்கள் மருதாணிப் பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

எட்டு விடைகளில் சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடியாகச் சொல்வது. மீதி ஐந்தும் சுற்றி வருவது. ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘கால் வலித்தது’ என்பது உற்றது உரைத்தல், ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். பத்தாம் வகுப்பில் முப்பது வருடம் இதே உதாரணத்தை நடத்தினேன், பிள்ளைகள் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினார்கள். இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நன்னூலார் அந்த ஐந்தையும் விடை என்றே கணக்கில் சேர்த்தார், தட்டிக்கழிப்பு என்று தள்ளிவிடவில்லை. ‘போன தடவை வலிச்சுது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது விடை. ‘நேத்துதான் மருதாணி வச்சாங்க’ என்பதும் விடை, உற்றது உரைத்தல். ‘மறுப்பு இல்லை’ என்று குறித்தவருக்கு இலக்கணமே தெரியவில்லை.

ஆகவே சொல் எதுவானாலும், படிவத்தில் ‘ஆம் / இல்லை’ என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். பிள்ளை என்ன சொன்னது என்று அப்படியே எழுத ஒரு வரி விடுங்கள்.


ஆற்காடு வழக்கறிஞர், புதன் மாலை

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் நவாப் காலத்தில் பாரசீகத்தில் நிர்வாகம் நடந்த ஊர். அங்கிருந்து வந்த ‘ராஜி’ இன்னும் எங்கள் கோர்ட்டில் உயிரோடு இருக்கிறது. இரு தரப்பும் ராஜி ஆகிவிட்டார்கள் என்போம். ராஜி என்றால் மனம் ஒத்தவர், சம்மதித்தவர். அப்படிப் பார்த்தால் ராஜிநாமா என்பதுதான் அசல் ‘ஒப்புதல் படிவம்’! தமிழில் அது எப்படியோ வேலையை விட்டு விலகும் கடிதமாகிவிட்டது. ஒரு சொல் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, எனவே தூய்மைக்காக இவ்வளவு அடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. வேலூரிலும் ஆம்பூரிலும் உருது பேசும் வீட்டுப் பிள்ளை இசைவு என்றால் விழிக்கும், ராஜி என்றால் உடனே பிடித்துக்கொள்ளும்.

சம்மதமே போதும். எல்லோர் வாயிலும் இருக்கிறது.


சென்னை நண்பர், புதன் இரவு

> சம்மதமே போதும்

போதாது. கல்யாணத்துக்குக் கேட்பதும் அதே சொல்தான், வீடு விற்கக் கேட்பதும் அதே சொல்தான். கன்சென்ட்டையும் நிறைய பேர் சம்மதம் என்றே எழுதுகிறார்கள். அப்புறம் சத்துவாச்சாரி நண்பரின் இரண்டு தாள் குழப்பம் அப்படியே திரும்பி வரும். புழக்கத்தில் இல்லாததுதான் இசைவின் குறை என்றால், ரத்தசோகை மட்டும் எங்கே புழக்கத்தில் இருந்தது? எழுதி எழுதித்தானே வந்தது.


பாகாயம் குழந்தை மருத்துவர், வியாழன் காலை

நேரம் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எல்லோரும் சின்னப் பிள்ளையை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். இந்தச் சொல் 17 வயதுப் பையனுக்கும் பொருந்த வேண்டும், அடுத்த வருடம் அவனே ஒப்புதல் தரப்போகிறவன்.

நம் ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பத்திலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பிறந்த அன்றே அளந்து, வளர வளர அளந்து, அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதில் திரும்பவும் கூப்பிட்டுச் சர்க்கரைக்குச் சோதித்தார்கள். அப்புறம் 2002 வாக்கில் வேலூர்க் குடிசைப்பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளை வாரம் இரண்டு முறை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்காக. 373 பேர் மூன்று வயது வரை கூடவே இருந்தார்கள். பிறகு டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் 6,799 குழந்தைகளிடம் உள்நாட்டுத் தடுப்பு மருந்தைச் சோதித்து, 2016இல் அந்தச் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசி அட்டவணைக்கு வந்தது. கைக்குழந்தையிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது, தாய்தான் சொன்னாள். அந்த 452 பேர் இன்றைக்கு இளைஞர்கள். ஆய்வு நீண்டால் 7 வயதில் ஒரு முறை, 12இல் ஒரு முறை, 18 ஆனதும் புதிதாக ஒரு முறை கேட்க வேண்டும். ஒரே ஆள், மூன்று படி. ஆகவே முதல் இரண்டுக்கும் ஒரு சொல்லும் மூன்றாவதுக்கு வேறு சொல்லும் இருந்தால்தான் 18 வயது ஆனவனுக்கு, இப்போது முடிவு முழுக்க உன் கையில் என்று புரியும். அதனால் ஒப்புதல் வேறு, இசைவு வேறு என்று வைப்பதை ஆதரிக்கிறேன். ‘சிறார்’ என்ற முன்னொட்டை எடுத்துவிடுங்கள், பிளஸ் டூ பையன் தன்னைச் சிறார் என்று போட்டால் தாளைத் தொடமாட்டான்.


சத்துவாச்சாரி மொழிபெயர்ப்பாளர், வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. நாளை மதியம் அனுப்பியாக வேண்டும், ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். தலைப்பில் ‘இசைவுப் படிவம்’. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள், சிலர் அலுத்துப்போய் நிற்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. ‘இசைவொப்பம்’ என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். ஒப்பம் கையெழுத்து ஆகிவிடும், 11 வயது வரை கையெழுத்தே கிடையாது, அதனால் எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே பிள்ளையிடம் வாய்விட்டுப் படிக்கும் இடத்தில் இசைவு என்ற சொல்லே வராது. ‘உனக்குச் சரியா? வேண்டாம் என்றாலும் யாரும் திட்டமாட்டார்கள், மார்க் குறையாது’ என்று வைத்திருக்கிறேன். கட்டம் இல்லை. குடியாத்தம் ஐயா சொன்னபடி ‘பிள்ளை சொன்ன விடை’ என்று இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதை ஆய்வின் நெறிமுறைக் குழு ஏற்குமோ என்னவோ, நான் கேட்கத்தான் போகிறேன்.


ஆற்காடு வழக்கறிஞர், வெள்ளி காலை

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சம்மதம்தான்.


கே.வி.குப்பம் களப்பணியாளர், வெள்ளி காலை

அந்த இரண்டு வரியை மூன்றாக்க முடியுமா அண்ணா? சில பிள்ளைகள் நிறையப் பேசும்.