படம் ஓடும்போது ஹார்ட் டிஸ்க்கில் அரை நிமிடத்துக்கு ஒரு 'டிக்': மின்சாரம் மிச்சமா, ஆயுள் நஷ்டமா?

மகாமகக்குளம்:

வணக்கம். கும்பகோணத்தில் அப்பா அம்மாவுக்காக ஒரு வீடியோ ரெக்கார்டர் செய்து வைத்திருக்கிறேன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், அதில் தேபியன் (லினக்ஸ் வகை), டிவியைப் பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருள், ஒரு யூஎஸ்பி டியூனர், மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் தட்டு. சிஸ்டம் 120 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது, பதிவுகளுக்கு மட்டும் தனியாக ஒரு 2 டிபி டிஸ்க், அதில் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். டிஸ்க் மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை என்று கடையில் சொல்லிக் கொடுத்தது. அப்பா பார்ப்பது, பதிவாவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை இருக்கும். மற்ற நேரம் சும்மா சுற்றுவானேன் என்று 10 நிமிடம் யாரும் தொடாவிட்டால் நின்றுவிடும்படி, டிஸ்க் அமைப்பை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் வைத்துவிட்டேன்.

14 மாதம் நன்றாகத்தான் ஓடியது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா திடீரென்று விரலால் தரையைத் தட்டுகிறார். என்னம்மா என்றால் பல்லி சொல்கிறதாம். நானும் காது கொடுத்துக் கேட்டேன், பல்லி இல்லை, டிவி ஸ்டாண்டுக்குள் டிஸ்க். ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒரு முறை மெல்லிய 'டிக்'. அம்மா இத்தனை மாதமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தேன் (முதலில் இருப்பது வரிசை எண்):

9, ஓடிய மணி: 10,104
4, நின்று கிளம்பியது: 16,120
193, ஹெட் (படித்து எழுதும் முனை) ஏறி இறங்கியது: 2,61,340
5, மாற்றப்பட்ட செக்டர்: 0
197, சந்தேகத்தில் உள்ள செக்டர்: 0

193-ஐப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. டிஸ்க் எப்போது எழுகிறது என்று ஃபைலை யார் தொடுகிறார்கள் என்று காட்டும் ஃபாட்ரேஸ் போட்டு ஓர் இரவு முழுக்கப் பிடித்தேன், எந்த ஃபைலையும் யாரும் தொடவில்லை, ஆனாலும் டிஸ்க் எழுகிறது. நிறுத்துவதை விட்டுவிட்டு 24 மணி நேரமும் சுற்ற விடலாமா? இல்லை, கண்காணிப்புக் கேமராவுக்குப் போடும் டிஸ்க் வாங்கிவிடலாமா?

கேமரா அண்ணாச்சி:

தம்பி, நான் திருநெல்வேலி பக்கம் வீடு, கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். என் சொந்தக் கருத்து, டிஸ்க்கை ஓட விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால்தான் வம்பு. எட்டுக் கேமரா எழுதுகிற டிஸ்க்குக்கு மூச்சு விட நேரமில்லை, அதுபாட்டுக்கு வருஷக்கணக்கில் ஓடும். கேமராவுக்கென்றே வரும் பர்ப்பிளோ ஸ்கைஹாக்கோ ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். வருஷத்துக்கு 180 டிபி எழுதிப் படிப்பதைத் தாங்கும் என்றே போட்டிருப்பான்.

அரைக்கீரை_வடை:

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. 180 டிபி கணக்கு இங்கே ஒரு பொருட்டே இல்லை. எஸ்டி (சாதாரணத் தெளிவு) சேனல் ஒன்று வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் மணிக்கு 1.8 ஜிபி, ஐந்து மணி நேரத்துக்கு 9 ஜிபி, வருஷம் முழுக்க எழுதினாலும் சுமார் 3.3 டிபி. உங்கள் டிஸ்க் வேலை செய்து களைக்கவில்லை, வேலை இல்லாமல்தான் கெடுகிறது.

எண்களைப் பிரித்துப் பாருங்கள். 10,104 மணி என்றால் 421 நாள். 16,120-ஐ அதால் வகுத்தால் நாளுக்கு 38. டிஸ்க்குக்கு வேலை இல்லாத நேரம் 19 மணி நேரம். அப்படியானால் மணிக்குச் சரியாக இரண்டு. பூனை வந்து தட்டினால் இப்படிக் கடிகாரம் பார்த்துத் தட்டாது. அரை மணிக்கு ஒரு முறை ஏதோ ஒன்று எழுப்புகிறது, பத்து நிமிடம் சுற்றிவிட்டுத் தூங்குகிறது, மறுபடி எழுப்புகிறது. ஃபைலைத் தொடாமல், நேரே டிஸ்க்கின் கதவைத் தட்டும் ஆள் யார்? டிஸ்க்கின் உடம்பு நலத்தைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஸ்மார்ட்டி சேவையாகத்தான் இருக்கும். அதன் இயல்பான இடைவெளி 1800 வினாடி. தூங்கும் டிஸ்க்கை எழுப்பாதே என்று ஒரு விருப்பம் உண்டு, ஆங்கிலச் சின்ன எழுத்து 'n' போட்டு ஸ்டாண்ட்பை. தேபியனில் ஸ்மார்ட்டி கான்ஃபிக் ஃபைலில் தானாக வரும் வரியில் அது இருக்குமே, நீங்கள் வரியை மாற்றி எழுதினீர்களா?

அப்புறம் அந்த 'டிக்'. மொத்த 2,61,340-இல் நின்று கிளம்பிய 16,120-ஐக் கழித்தால் 2,45,220. நாளுக்கு 582, அதுவும் அந்த ஐந்து மணி நேரத்துக்குள். 31 வினாடிக்கு ஒன்று. அதாவது அம்மாவின் பல்லிக் கணக்கு மிகச் சரி. லினக்ஸ் வந்த தரவை உடனே டிஸ்க்கில் எழுதாது, நினைவகத்தில் சேர்த்துவைத்து சுமார் 30 வினாடிக்கு ஒரு முறை மொத்தமாகக் கொட்டும். 4 மெகாபிட்டில் 30 வினாடி என்றால் 15 எம்பி. வினாடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதக்கூடிய டிஸ்க்குக்கு அது கண் சிமிட்டும் நேரம். மீதி 29 வினாடியும் அதற்கு வேலை இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் டிஸ்க் சில வினாடி சும்மா இருந்தாலே ஹெட்டைத் தட்டை விட்டு வெளியே ஓரத்தில் ஏற்றி வைத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய கிரீன் வகையில் இது 8 வினாடி என்பது ஊரறிந்த கதை. உங்களுடையது எந்தக் கம்பெனி என்று நீங்கள் போடவில்லை, போடவும் வேண்டாம், 30 வினாடிக்குக் குறைவாக டைமர் வைத்த எதுவும் இதையேதான் செய்யும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, நடுநடுவே ஹெட் ஓரம் போய்ப் போய் வருகிறது. இந்த வகை டிஸ்க்குகளுக்குத் தாளில் போடும் கணக்கு பெரும்பாலும் 3 லட்சம் முறை. 3 லட்சத்து ஒன்றாவது முறை செத்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் 14 மாதத்தில் அந்த எல்லைக்கு அருகே வந்தது நல்லதில்லை.

மகாமகக்குளம்:

அட! ஆமாம், எங்கோ படித்துவிட்டு ஸ்மார்ட்டி வரியை நானேதான் மாற்றி எழுதினேன், வெப்பநிலை கூடினால் மெயில் வர வேண்டும் என்று. டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று அரை மணிக்கு ஒரு தரம் எழுப்பிக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை கொடுக்க நர்ஸ் எழுப்புவது மாதிரி.

சரி, ஹெட் விஷயத்துக்கு என்ன செய்வது?

அரைக்கீரை_வடை:

எச்டிபார்மில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'B' (பெரிய பி) விருப்பம். 1 முதல் 127 வரை கொடுத்தால் டிஸ்க் தானே நின்றுகொள்ள அனுமதி, 128 முதல் 254 வரை நிற்காது, எண் கூடக் கூட மின்சாரத்தைப் பற்றிய கவலை குறையும். 254 கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'டிக்' அடங்கும். 255 என்றால் அந்த ஏற்பாட்டையே அணைப்பது, சில டிஸ்க் ஏற்காது. கிரீன் வகை இந்தப் பேச்சையே கேட்காது, அதற்கு ஐடில்3 என்று தனிக் கருவி இருக்கிறது, அதில் மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் போதாது, மின்சாரத்தையே துண்டித்துக் கொடுக்க வேண்டும். டிஸ்க் யூஎஸ்பி பெட்டிக்குள் இருந்தால் இது எதுவும் உள்ளே போய்ச் சேராமலும் போகலாம், பெட்டியின் சிப் தன் இஷ்டத்துக்கு நிறுத்தும்.

ஒன்று மறக்காதீர்கள். பல டிஸ்க்குகளில் கரண்ட் போய் வந்தால் இந்த எண் மறந்துபோகும். எச்டிபார்ம் கான்ஃபிக் ஃபைலில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்த பிறகும் ஒரு முறை சரிபாருங்கள்.

நேரலையை நிறுத்திப் பார்க்க உதவும் டைம்ஷிஃப்ட் போட்டிருக்கிறீர்களா? அப்பா நேரலையை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார் என்றால் பதிவே இல்லாதபோதும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். அரை மணி நேரத்துக்கு 900 எம்பிதான், ரேமில் மட்டும் வைக்கச் சொல்லலாம்.

மின்சாரக் கணக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். இந்த அளவு டிஸ்க் சும்மா சுற்ற 5 வாட் என்று வையுங்கள், நின்றால் 1 வாட். ஒரு நிமிடம்கூட நிற்காமல் சுற்றினாலும் இரண்டு மாத பில்லில் கூடுதல் 6 யூனிட்டுக்கும் குறைவு. அந்தப் பழைய கம்ப்யூட்டர் சும்மா இருக்க 35 வாட் எடுக்கும் என்று வைத்தால் அதே இரண்டு மாதத்தில் 50 யூனிட். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் டிஸ்க் இல்லை. கம்ப்யூட்டரையே தூங்க வைத்து, பதிவுக்கு ஐந்து நிமிடம் முன் கடிகார அலாரத்தில் எழுப்புங்கள். கம்ப்யூட்டரின் பயாஸ் அமைப்பில் அந்த வசதி இருக்கும். அப்படிச் செய்தால் டிஸ்க்கும் ஒரு நாளைக்கு நாலைந்து முறைதான் கிளம்பும்.

கேமரா அண்ணாச்சி:

வடை தம்பி கணக்கு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் நாளுக்கு 38 முறை என்பதைக் கவனிக்கவில்லை. ஆனால் எங்கள் அனுபவத்தில் டிஸ்க்கைக் கொல்வது வேறு. ஒன்று சூடு. டிவி ஸ்டாண்டுக்குள் கதவை மூடி, மேலே செட்டாப் பாக்ஸ், அதற்கு மேல் அம்மா போட்ட குரோஷா துணி. இரண்டாவது அடாப்டர். மூன்றரை அங்குல டிஸ்க் கிளம்பும்போது 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். மலிவான 2 ஆம்பியர் அடாப்டரில் டிவிஆர் (கேமரா ரெக்கார்டர்), டிஸ்க் இரண்டையும் மாட்டினால் கிளம்ப முடியாமல் விக்கும், டிஸ்க் போச்சு என்று கழற்றிக்கொண்டு வருவார்கள். என் பட்டறையில் நல்ல அடாப்டர் போட்டால் ஜம்மென்று ஓடும். தம்பியிடம் இருப்பது கம்ப்யூட்டர் பவர் சப்ளை, அந்தத் தொல்லை இல்லை, ஆனால் இன்வெர்ட்டர் மாறும் நொடியில் ரீபூட் ஆகிறதா என்று பாருங்கள். திடீரென்று கரண்ட் போனால் ஹெட் அவசரமாக ஓரம் ஓடும், அது நிதானமாக இறங்குவது மாதிரி இல்லை. ஸ்மார்ட்டில் 192-ஆம் எண்தான் அந்தக் கணக்கு, அதைப் பாருங்கள்.

அரைக்கீரை_வடை:

சூடு விஷயத்தில் சின்ன மறுப்பு. கூகுள் 2007-இல் தன் சொந்த டிஸ்க்குகள் ஒரு லட்சத்துக்கு மேல் வைத்து எழுதிய கட்டுரையில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. ஆனால் அது குளிரூட்டிய அறை. மே மாதக் கும்பகோணத்தில் மூடிய ஸ்டாண்டுக்குள் என்றால் நானும் அண்ணாச்சி பக்கம்தான், குரோஷா துணியை எடுத்துவிடுங்கள்.

மகாமகக்குளம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஸ்மார்ட்டி வரியைத் திருத்தினேன், பெரிய பி 254, டைம்ஷிஃப்ட் ரேமில். 4-ஆம் எண் 91 கூடியிருக்கிறது, 193 வெறும் 94. 192-இல் 212 இருந்தது, அண்ணாச்சி சொன்ன மாதிரி இன்வெர்ட்டர் மாறும்போது ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது, ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தாயிற்று. டிஸ்க்கில் உள்ளவற்றில் முக்கியமானது தங்கையின் கல்யாண வீடியோ மட்டும்தான், அதை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டேன். மற்றது போனால் போகட்டும், மறுபடி ஒளிபரப்புவார்கள்.

கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பதைத்தான் இன்னும் செய்யவில்லை. காரணம் அப்பா. டிஸ்க் நின்றிருக்கும்போது பதிவை அழுத்தினால் படம் வரப் பத்து வினாடி ஆகிறது, அதற்குள் அவர் மூன்று முறை அழுத்தி, முன்னே பின்னே ஓட்டி, எனக்குப் போன் போட்டுவிடுகிறார். இப்போதைக்கு டிஸ்க் நிற்கும் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 2 மணி நேரமாக்கி, எச்டிபார்மில் அதற்கான எண் 244-ஐக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் உட்கார்ந்தால் அவர் எழுந்து போகும்வரை அது நிற்காது.