மூணு வாரமா பையனுக்கு வீட்டிலேயே பாடம், மூச்சு முட்டுது. உதவி ப்ளீஸ்

புதுசா வந்தவள்
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். மூணு வாரமா பையனுக்கு நானே வீட்ல சொல்லிக்கொடுக்கறேன். 9 மணிக்கு உக்கார வச்சா 9:20க்குத் தண்ணி, 9:30க்கு பாத்ரூம், 10 மணிக்கு அழுகை. வகுத்தல் கணக்குன்னா பென்சில் பறக்குது. நான் கத்தறேன், அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு நானே அழறேன். சாயங்காலம் அவர் வந்து "இன்னிக்கு என்ன படிச்சான்?"னு கேட்டா பத்திக்கிட்டு வருது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுக்கணும்? யார்கிட்டயாவது நல்ல டைம்டேபிள் இருக்கா? இன்னிக்கு ஒரு லெட்டர் வேற வந்திருக்கு, பயமா இருக்கு.

ரைன்கரை
எந்த நாடுன்னே சொல்லலையேம்மா. ஜெர்மனின்னா டைம்டேபிளே வேண்டாம், நாளைக்கே ஸ்கூலுக்கு அனுப்புங்க. இங்க பள்ளிக்கூடம் போறது கட்டாயம், வீட்டுப் பாடத்துக்கு அனுமதி கிட்டத்தட்ட கிடையாது. நான் வந்த புதுசுல மொழி தெரியாம பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு மணி நேரம் தலையாட்டிட்டு வந்தேன். பிள்ளைங்களைச் சுற்றுலாவுக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. என்கிட்ட காரே இல்ல.

மூணு பிள்ளை அம்மா
டைம்டேபிள் இல்லாம முடியவே முடியாதுப்பா. நான் நியூயார்க்ல இருக்கேன். 1லேர்ந்து 6ஆம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 900 மணி நேரம் காட்டணும், மூணு மாசத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் எழுதணும். முதல் வருஷம் நான் மணியே அடிச்சேன்.

டெக்சாஸ்காரன்
மணியெல்லாம் அடிக்காதீங்க. எங்க மாநிலத்துல மணி நேரக் கணக்கே கிடையாது. ஸ்கூல்ல 30 பேருக்கு ஒரு டீச்சர், வீட்ல ஒருத்தனுக்கு ஒருத்தர். ரெண்டு மணி நேரம் தாராளம். என் பொண்ணு முதல் ரெண்டு மாசம் லெகோவைத் தவிர எதையும் தொடல. பிள்ளை வீணாப் போச்சுன்னே நினைச்சேன். அப்புறம் தானா புக்கை எடுத்தா.

மூணு பிள்ளை அம்மா
அந்த ரெண்டு மாசம் பொண்ணு கூட வீட்ல இருந்தது யாரு சார், நீங்களா உங்க மனைவியா?

டெக்சாஸ்காரன்
...மனைவிதான்.

குளிர்தாங்கி
அதை விடுங்க. சொந்தக்காரங்க போன் பண்ணி "பிள்ளை ஸ்கூலுக்கே போகலையாமே"ன்னு இழுக்கறாங்க பாருங்க, அதுக்கு என்ன டைம்டேபிள்? போன வாரம் ஒரு பெரியம்மா என் பையனுக்கு போன்லயே ஏழாம் வாய்ப்பாடு டெஸ்ட் வச்சாங்க.

முப்பது வருஷக் குடி
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பொண்ணு ஏதோ லெட்டர்னு சொன்னாளே, ஒருத்தராவது கேட்டீங்களா? தங்கச்சி, எந்த நாடு? பையன் ஸ்கூல்ல சேர்ந்திருந்தானா? லெட்டர்ல என்ன இருக்கு?

புதுசா வந்தவள்
இங்கிலாந்துக்கா. 9 வயசு. ரெண்டு மாசம் போனான். லஞ்ச் நேரத்துல யாரும் கூடச் சேக்கலைன்னு தினமும் வயித்துவலி, அதான் நிறுத்திட்டேன். வாசல்ல டீச்சர்கிட்ட சொன்னேன், "ஓகே"ன்னாங்க. இப்ப அட்டென்டன்ஸ், ஃபைன்னு லெட்டர்.

முப்பது வருஷக் குடி
வாயால சொன்னது செல்லாதும்மா. அவன் பேர் இன்னும் பதிவேட்ல இருக்கு, அதனால தினமும் ஆப்சென்ட். "இந்தத் தேதியிலேர்ந்து வீட்டிலேயே கல்வி கொடுக்கறோம், பேரை எடுத்துடுங்க"ன்னு தலைமை ஆசிரியருக்கு எழுத்துல கொடுக்கணும். சாதாரண ஸ்கூலுக்கு அவங்க சம்மதம் தேவையில்ல. கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், மூலமா சிறப்புப் பள்ளியில சேர்ந்த பிள்ளைன்னா கவுன்சில் சம்மதிக்கணும். ஸ்காட்லாந்துல சட்டமே வேற.

ஆனா அந்த லெட்டரை இன்னிக்கே எழுதிடாத. பேரை எடுத்துட்டா அதே ஸ்கூல்ல இடம் திரும்பக் கிடைக்கும்னு நிச்சயமில்ல. பரீட்சைக் கட்டணம்லேர்ந்து எல்லாச் செலவும் உன் தலையில. நீ சொல்றதைப் பாத்தா அவனுக்குப் பாடம் பிரச்சினை இல்ல, லஞ்ச்தான் பிரச்சினை. நீ அதை ஸ்கூல்ல சொன்னியா?

வீட்லதான்னு முடிவு பண்ணினா, 1996 கல்விச் சட்டப்படி வயசுக்கும் திறமைக்கும் ஏத்த முழுநேரக் கல்வி கொடுக்கணும். இத்தனை மணி நேரம்னும் கிடையாது, ஸ்கூல் பாடத்திட்டத்தையே நடத்தணும்னும் கிடையாது. கவுன்சில் கேட்டு எழுதினா பதில் போடு. அன்னன்னிக்கு என்ன செஞ்சான்னு ரெண்டு வரி நோட்ல குறிச்சு வை, வீட்டுக்காரர் கேட்டா அதையே நீட்டு. 10 மணிக்கு அழுதா கணக்கை மூடிடு. கதை படிச்சுக் காட்டு. வகுத்தலை மத்தியானம் தரையில காசைப் பரப்பி பங்கு போடச் சொல்லு.

புதுசா வந்தவள்
லஞ்ச் பத்தி சொல்லலைக்கா. இப்பத்தான் அவன்கிட்ட கேட்டேன். லஞ்ச்சுக்கு மட்டும் வீட்டுக்கு வரலாமாங்கறான். நாளைக்கு போன் பண்றேன். எனக்கும் அவருக்கும் தனித்தனியா லெட்டர் வந்திருக்கே, அப்ப ஃபைனும் ரெண்டா?

முப்பது வருஷக் குடி
ஆமாம், தலைக்கு ஒண்ணு. 21 நாளுக்குள்ள கட்டினா 80 பவுண்டு, தாண்டினா 160. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நடந்ததை எழுதி இன்னிக்கு ராத்திரியே ஸ்கூலுக்கு மெயில் போடு, காலையில போன் பண்ணு.