மிஸ்டரி ஷாப்பிங் வருமானம்: திருப்பித் தரும் சாப்பாட்டுக் காசுக்கும் வரி கட்ட வேண்டுமா?

உப்புவெளியாள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வீடு உப்புவெளியில், வேலை திருகோணமலை டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில். சம்பளம் மாதம் 135,000 ரூபா. போன வருடம், 2025 ஏப்ரல் தொடக்கம் பகுதிநேரமாக மிஸ்டரி ஷாப்பிங் செய்கிறேன். தெரியாதவர்களுக்கு: வாடிக்கையாளர் போலக் கடைக்கோ ஹோட்டலுக்கோ வங்கிக்கோ போய், ஆட்களை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து, வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதி அனுப்பும் வேலை. போன இடங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே பெயர்கள் எழுத மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம்.

காசு இரண்டு விதமாக வரும். ஒன்று என் கூலி. மற்றது அங்கே நான் வாங்கிய சாமானுக்கோ சாப்பாட்டுக்கோ என் கையால் கொடுத்ததைத் திருப்பித் தருவது. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக மாதக் கடைசியில் என் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். மார்ச் 31 வரை மொத்தம் 318,000 வந்திருக்கிறது. அதில் கூலி 222,000, திருப்பித் தந்தது 96,000.

சம்பளத்தையும் இந்த 318,000-ஐயும் கூட்டினால் 1,938,000. வருடத்துக்கு 1,800,000 தாண்டினால் வரி என்கிறார்கள். நான் சாப்பிட்ட சோற்றுக் காசும் வருமானமா? பஸ், பெற்றோல், போன் டேட்டா எல்லாம் கழிக்கலாமா? இணையத்தில் தேடினால் முதல் ஆயிரத்துக்கு வரியே இல்லை என்று ஓர் இடத்தில் இருக்கிறது. என்ன ஆயிரம் என்று விளங்கவில்லை.

இன்னொரு கவலை. நேற்று இரவு பில்களை எல்லாம் மேசையில் கொட்டினேன். ஜூன், ஜூலையில் சீசன் நேரம் நிலாவெளிப் பக்கம் ஓடித் திரிந்த நாட்களின் பில்களை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். பாதி சூட்டில் கறுத்துவிட்டன. பிளாஸ்ரிக் கவருக்குள் வைத்தவை வெளிறிப் போய்விட்டன. ஒன்றை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேலே கடைப் பெயர் இருந்த இடத்தில் ஒரு மங்கல் கோடு, கீழே வெறும் வெள்ளைத் தாள். கொடுத்த காசு எனக்கு நினைவிருக்கிறது, தாளில் இல்லை. இரவு நித்திரை வரவில்லை.

மூன்றாம்_கட்டை:

அக்கா, இது கைச்செலவுக் காசு. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பேசாமல் விடுங்கள்.

கணக்குக்_கொப்பி:

தம்பி சொன்னதைக் கேட்க வேண்டாம் பிள்ளை. உங்களுக்குக் காசு போடும் நிறுவனம் அதைத் தன் செலவாகக் காட்டுகிறது. அங்கே உங்கள் அடையாள அட்டை இலக்கம் இருக்கும், வங்கியிலும் பதிவு இருக்கும். அதை விடுங்கள், உங்கள் கேள்வியே மறைக்க நினைக்கிற ஆளின் கேள்வி இல்லை. நான் முப்பது வருடம் கணக்கு வேலை பார்த்து ஓய்வெடுத்தவன். மத்திய வீதியில் சிறு கடைக்காரருக்கு இப்போதும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

முதல் விஷயம். 1,800,000 என்பது 2025 ஏப்ரல் 1 தொடக்கம் உள்ள தனிநபர் நிவாரணம், அதாவது வருட வருமானத்தில் வரி இல்லாத பகுதி. அதற்கு முன் 1,200,000. எங்கள் வரி வருடம் ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும், ஆகவே உங்கள் முழு வருடமும் புதிய தொகைக்குள் வருகிறது. நிவாரணத்துக்கு மேலே போகும் முதல் 1,000,000-க்கு 6 வீதம். உங்கள் கணக்கு அதற்குள்ளேயே நிற்கும், 18, 24 என்று மேலே போகும் வீதங்களை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, சோற்றுக் காசு. நிறுவனம் சொல்லித்தான் வாங்கினீர்கள், கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்தார்கள். அதில் உங்களுக்கு இலாபம் இல்லை. ஆனால் ஒரே தொகையாக வருவதால், வங்கிக் கூற்றைப் பார்க்கிறவனுக்கு 318,000-உம் வருமானமாகத்தான் தெரியும். வந்ததெல்லாவற்றையும் வரவில் எழுதுங்கள், வாங்கியதைச் செலவில் எழுதுங்கள். 96,000 வரவு, 96,000 செலவு, முடிந்தது. நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் விபரத் தாளில் கூலி வேறு, திருப்பித் தந்தது வேறு என்று பிரித்திருந்தால் அதுதான் உங்கள் முதல் சாட்சி. பிரித்திராவிட்டால் இன்றைக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

மற்றச் செலவுகளில் உங்களிடம் இருப்பதை எழுதுங்கள், பார்ப்போம். 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கேட்பது இதுதான்: அந்த வருமானத்தை உழைப்பதற்காகச் செலவானதா? வீட்டுச் செலவு என்றால் கழிக்க முடியாது.

கிண்ணியாக்காரன்:

சகோதரி, நான் அனுபவப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்த வேலையோடு விளம்பர வேலையும் செய்கிறேன். ஒரு மாதம் ஒரே நிறுவனத்திடமிருந்து 118,000 வர வேண்டியிருந்தது. அதில் 5 வீதம், அதாவது 5,900 வரியாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டார்கள். சேவைக் கட்டணம் மாதம் 100,000 தாண்டினால் 5 வீதம் பிடிக்க வேண்டும் என்பது விதி, அதில் பிழை இல்லை. ஆனால் அந்த 118,000-இல் 40,000 நான் வாங்கிய சாமான்களின் காசு. என் கூலி 78,000 மட்டும். பிடித்திருக்கவே கூடாது. அது விளங்க எனக்கு ஐந்து மாதம் போயிற்று.

அதற்குப் பிறகு நிறுவனத்துக்கு அனுப்பும் விலைச்சிட்டையில் (இன்வொய்ஸ்) இரண்டு தனித்தனி வரியாக எழுதித்தான் அனுப்புகிறேன்: கட்டணம் இவ்வளவு, வாங்கிய சாமான் இவ்வளவு. யாராவது பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வருட முடிவில் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழிக்கலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் காசு போனதுதான்.

லண்டன்_திருமலை:

தங்கச்சி, நீங்கள் பார்த்த ஆயிரம் எங்கள் ஊர் ஆயிரம் இல்லை. நான் பிறந்தது திருமலையில், இப்போது இருப்பது இங்கிலாந்தில். இங்கே சொந்தத் தொழில் வரவில் வருடத்துக்கு முதல் 1,000 பவுண்ஸுக்கு வரி இல்லை. அதை எடுத்தால் செலவு கழிக்க முடியாது, செலவைக் கழித்தால் அந்த ஆயிரத்தை எடுக்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். வரி வருடமும் இங்கே ஏப்ரல் 6-இல்தான் தொடங்கும். இந்த வேலையைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ எழுதியது. அதைப் பார்த்து இலங்கையில் கணக்குப் போட வேண்டாம். ஐயா சொல்வதைக் கேளுங்கள்.

உப்புவெளியாள்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. விபரத் தாளில் பிரித்துத்தான் இருக்கிறது ஐயா, நான்தான் கவனிக்கவில்லை. கிண்ணியாக்கார நானா சொன்ன அந்த எல்லைக்கு வந்தால், ஒரு மாதமும் 100,000-க்குக் கிட்டவும் போகவில்லை, ஒன்றும் பிடிக்கவும் இல்லை.

என் செலவுக் கணக்கு 61,000. பஸ், ஓட்டோ 14,200. பெற்றோல் 15,600. போன் மாதம் 1,500 வீதம் 18,000. பெரிய ஹோட்டலுக்குப் போக உடுப்பு 6,500. மகளையும் கூட்டிக்கொண்டு போன நாட்களில் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது 4,100. அப்புறம் ஒரு சாப்பாடு 2,600.

அந்த 2,600 எனக்கு இன்னும் மனதில் முள்ளாக இருக்கிறது. மழை நாள். அறிக்கையில் எல்லாம் சரியாக எழுதியிருந்தேன். சாப்பாடு மேசைக்கு வந்த நேரத்தை மட்டும் நிமிடக் கணக்கில் குறிக்காமல் விட்டுவிட்டேன். அறிக்கையை நிராகரித்துவிட்டார்கள். கூலியும் இல்லை, சாப்பாட்டுக் காசும் இல்லை.

கணக்குக்_கொப்பி:

ஒவ்வொன்றாகப் பார்ப்போம் பிள்ளை.

பஸ், ஓட்டோ சரி. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிய நாட்களை எடுத்துவிடுங்கள். அந்தப் பஸ்ஸில் நீங்கள் எப்படியும் வந்திருப்பீர்கள். மேலதிகமாகச் சுற்றிய தூரம் மட்டும் கணக்கு.

பெற்றோல் 15,600 எப்படி வந்தது என்று சொல்லவில்லை. ஸ்கூட்டியைப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடவும் சந்தைக்கும் எடுப்பீர்கள்தானே. வருடத்தில் ஓடிய மொத்தக் கிலோமீற்றர், அதில் இந்த வேலைக்கு ஓடியது, இரண்டும் வேண்டும்.

போனில் 18,000-உம் போட முடியாது. அதே போனில்தான் அம்மாவோடும் கதைக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் நியாயம், 6,000 போடுங்கள். ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்டால் சொல்லக் காரணம் இருக்க வேண்டும். எத்தனை அறிக்கை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை படம் ஏற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

உடுப்பு முடியாது. அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் போவீர்கள், கல்யாண வீட்டுக்கும் போவீர்கள். மகளுக்கு வாங்கியதும் முடியாது, அது தாய் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது.

நிராகரித்த சாப்பாட்டை நான் செலவில் எழுதுவேன். நீங்களாகப் போய் அங்கே சாப்பிடவில்லை, வேலை என்று அனுப்பினார்கள், அவர்கள் சொன்னதைத்தான் வாங்கினீர்கள். வேலை தந்த மின்னஞ்சல், நிராகரித்த மின்னஞ்சல், பில், மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

இனி அழிந்த பில்கள். கறுத்துப் போனவற்றையும் எறிய வேண்டாம். அறிக்கையோடு பில்லின் படத்தை ஏற்றியிருப்பீர்கள்தானே? நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், இன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பழைய அறிக்கைகளை அவர்கள் எப்போது எடுப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இனிமேல் பில் கைக்கு வந்ததும் படம் எடுங்கள். தாளின் பின்பக்கம் வேலை இலக்கத்தைப் பென்சிலால் எழுதி, காகித உறைக்குள் போட்டு வீட்டு அலுமாரியில் வையுங்கள். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. வங்கி வட்டி ஏதும் வந்ததா? அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

உப்புவெளியாள்:

ஐயா, படங்கள் இருக்கின்றன! இரவு பன்னிரண்டு மணி வரை இருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். நிலாவெளிப் பில்கள் அத்தனையும் கிடைத்தன. அன்றைக்கு லைட்டில் பிடித்துப் பார்த்த அதே வெள்ளைத் தாளின் படத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருக்கிறது, கோழிப் பொரியலுக்கு அவர்கள் போட்ட விலை உட்பட.

பஸ், ஓட்டோவில் வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிய நாட்களை நான் முதலிலேயே சேர்க்கவில்லை. பெற்றோலுக்குக் கொப்பி இருக்கிறது. ஸ்கூட்டி வருடத்தில் ஓடியது 6,200 கிலோமீற்றர். வேலைக்கு ஓடியது 2,480, அதாவது 40 வீதம். பெற்றோல் மொத்தம் 39,000. அதில் 40 வீதம்தான் அந்த 15,600.

வட்டியை நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். சேமிப்புக் கணக்கில் 2,400. அதில் 240 வரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

கணக்குக்_கொப்பி:

கிலோமீற்றர் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால் பாதிக் கவலை போயிற்று. எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடமும் அந்தக் கொப்பி கிடையாது.

இப்போது கணக்கு. 14,200, 15,600, 6,000, 2,600. கூட்டினால் 38,400. கூலி 222,000-இல் அதைக் கழித்தால் 183,600. சம்பளம் 1,620,000. வட்டி 2,400. மொத்தம் 1,806,000. நிவாரணம் 1,800,000 போக மிச்சம் 6,000. அதற்கு 6 வீதம் 360. வட்டியில் ஏற்கெனவே பிடித்த 240-ஐக் கழித்தால், நீங்கள் கட்ட வேண்டியது 120 ரூபா.

பிரிக்காமல், ஒன்றும் கழிக்காமல் 318,000-ஐயும் வருமானமாகக் காட்டியிருந்தால் வட்டியோடு 1,940,400. நிவாரணம் போக 140,400. வரி 8,424. அந்த 240-ஐக் கழித்தாலும் 8,184 கட்ட வேண்டி வந்திருக்கும்.

சம்பளம் மட்டும் என்றால் மாதம் 150,000-க்குள் இருப்பதால் அலுவலகத்தில் வரி பிடிக்க மாட்டார்கள், நீங்களும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்போது தொழில் வருமானம் இருக்கிறது, வரியும் வருகிறது. ஆகவே விபரத்திரட்டு, அதாவது வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவம், திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். மார்ச் 31-இல் முடிந்த வருடக் கணக்குக்கு மிச்ச வரியைக் கட்டக் கடைசி நாள் 2026 செப்டெம்பர் 30, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. டின் இலக்கம் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) இருந்தால் இணையத்திலேயே செய்யலாம். இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு எடுத்தால் தமிழிலும் கேட்கலாம்.

இந்த வருடம் கூலி கூடினால் கடைசி நாள் வரை இருக்க வேண்டாம். ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்டுவதுதான் முறை.

கிண்ணியாக்காரன்:

ஐயா, என் கேள்வியும் ஒன்று. எனக்குச் சில வேலை வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து டொலரில் வருகிறது. டொலருக்கு வரி இல்லை என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கணக்குக்_கொப்பி:

அது பழைய கதை தம்பி. 2025 ஏப்ரல் 1 தொடக்கம், வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு டொலரில் வங்கி வழியாக வரும் காசுக்கும் வரி உண்டு. ஆகக் கூடியது 15 வீதம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். காசு வந்த அன்று வங்கி கொடுத்த ரூபாத் தொகையை எழுதி, அந்தச் சீட்டை வையுங்கள். உங்கள் மற்ற வருமானம் எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள், பிறகு பார்ப்போம்.

உப்புவெளியாள்:

120 ரூபாவா ஐயா! இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் கிடந்தேன். டின் இலக்கம் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை இருந்து எல்லாவற்றையும் நிரப்புகிறேன், விளங்காத இடத்தில் இங்கேயே கேட்பேன். ஏப்ரலுக்குப் புதுக் கொப்பி வாங்கிவிட்டேன். இன்றைக்குக் காலை ஸ்கூட்டி மீற்றரைப் பார்த்து முதல் வரியும் எழுதியாகிவிட்டது.