பாப்பாவின் ஐந்து நிமிடப் பேச்சு

மேரிலாந்து அண்ணன்: பாப்பா திங்கட்கிழமை வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். பெதஸ்டாவில் நாங்கள் பேஸ்பால் பார்க்கப் போகும் மைதானத்துக்கு ஷெர்லி போவிச் பெயர் ஏன் வந்தது என்பதுதான் தலைப்பு. எதிலிருந்து தொடங்கலாம்?

மதுரை அத்தை: யார் அந்த அம்மா?

சித்தப்பா: அம்மா இல்லை, அக்கா. அவர் ஆண். அமெரிக்கப் பெண் பிரமுகர்களின் குறிப்பேட்டிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். உங்களை என்ன சொல்வது! 1905இல் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் பிறந்து, அங்கே வாஷிங்டன் போஸ்ட் உரிமையாளருக்குக் கோல்ஃப் பை சுமந்த பையன், அவர் அழைப்பின்பேரில் தலைநகருக்கு வந்து, இருபதை ஒட்டிய வயதிலேயே விளையாட்டுப் பக்கத்துக்கு ஆசிரியராகி, கடைசிவரை அந்த ஒரே நாளிதழில் பத்தி எழுதினார்.

பெரியப்பா: ஒரே இடத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேல்! நம் வீட்டில் ஒருவர் மூன்று ஆண்டுகளில் நான்கு கம்பெனி மாறினார்.

மேரிலாந்து அண்ணன்: பெரியப்பா, அது பாப்பாவின் தலைப்பில் வராது.

சித்தப்பா: ஜிம் பிரவுனில் தொடங்கச் சொல். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் 1962 வரை கறுப்பின வீரர் எவரையும் களமிறக்கவில்லை. க்ளீவ்லாந்து அணிக்காக ஆடிய கறுப்பின வீரர் பிரவுன், வாஷிங்டன் அணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தபோது, வீரர்களிடம் நடக்காத இன ஒருங்கிணைப்பு கோட்டுக்கு அப்பாலாவது நடந்துவிட்டது என்ற பொருளில் போவிச் எழுதினார். வசை ஒன்றுமில்லை, ஆட்டச் செய்தி போலவே இருக்கும், ஆனால் மார்ஷலுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

மதுரை அத்தை: மரபணுச் சோதனை வைத்துத் தகப்பன் யாரென்று தொலைக்காட்சியில் அறிவித்து வந்தாரே, அந்த மௌரி போவிச் இவருக்கு உறவா?

சித்தப்பா: மகன்.

மேரிலாந்து அண்ணி: அத்தை, அதைப் பாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் அதை மட்டும்தான் பேசுவாள்.

பெரியப்பா: 1970களில் ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. 1998 ஜூன் 4 அன்று 92 வயதில் இறந்தார். கடைசிப் பத்தியை முந்தைய நாள்தான் எழுதி முடித்திருந்தார். அதில் தொடங்கினால் வகுப்பே அமைதியாகிவிடும்.

சித்தப்பா: பத்து வயதுப் பிள்ளை சாவில் தொடங்குவதா, அண்ணா?

மதுரை அத்தை: பெயர்க் குழப்பத்திலேயே தொடங்கட்டும், அது போதும்.

மேரிலாந்து அண்ணி: மூன்று தொடக்கங்களையும் பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். பெண்கள் குறிப்பேட்டுக்குச் சிரித்தாள். ஜிம் பிரவுன் எத்தனை முறை கோட்டைத் தாண்டினார் என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

பெரியப்பா: அப்படியானால் என் கடைசிப் பத்தி?

மேரிலாந்து அண்ணன்: காலையில் பார்ப்போம், பெரியப்பா.