பத்துக்கு எட்டு சர்வீஸ்: இதெல்லாம் ஒரு இலக்கா?

நெட்டோரம்:
மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்துக் கைப்பந்துப் பிள்ளைங்களோட வாட்சப் குழுவுல ஒரு இலக்குத் தாள் சுத்துது. 14 வயசுப் பிள்ளை மூணு மாசத்துல பத்து சர்வீஸுக்கு எட்டு உள்ள போடணுமாம், குதிப்பு 10 சென்டிமீட்டர் கூடணுமாம். எட்டுன்னு எழுதிக் குடுத்தா பையன் என்ன செய்வான்? பந்தை மேல தூக்கி மெதுவா தள்ளி விடுவான். எட்டும் உள்ள விழும். எதிர்ல இருக்கறவன் நின்ன இடத்துலயே வாங்கி, ஸ்மேஷுக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்குற செட்டர் தலைக்கு மேல குடுப்பான். அப்புறம் ஸ்மேஷ்தான்.

செம்மண் பாடாங்:
அந்தத் தாளை எழுதினது நான். 25 புள்ளி செட்டுல, வலையில அடிச்ச ஒவ்வொரு சர்வீஸும் எதிரணிக்கு நாமளே தூக்கிக் குடுக்குற புள்ளி. முதல்ல உள்ள விழட்டும், வேகம் பிறகு வரும். எட்டு எட்டுதான்.

நெட்டோரம்:
வராது தம்பி. தள்ளிப் பழகின கை தள்ளிக்கிட்டேதான் இருக்கும். மிதக்குற சர்வீஸை, அதான் சுழலாம ஆடி ஆடி போறதை, முதல்ல இருந்தே சரியா சொல்லிக் குடுக்கணும். பந்தை அரை மீட்டருக்கு மேல தூக்கக் கூடாது. அடிக்கிற தோளுக்கு நேரா, ஒரு அடி முன்னால இருக்கணும். முழங்கை காது உயரத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. உள்ளங்கையோட அடிப்பகுதி பந்தோட நடுவுல படணும், மணிக்கட்டு விறைப்பா இருக்கணும், பட்டதும் கை நிக்கணும். கை தொடர்ந்து போனா பந்து சுழலும், ஆடாது. வலையில விழுதுன்னா முழங்கை இறங்கியிருக்கும். பின்கோட்டைத் தாண்டுதுன்னா பந்துக்கு அடியில அடிச்சிருப்பான். இதையெல்லாம் விட்டுட்டு எட்டு எட்டுன்னு எண்ணினா?

லிபரோ அக்கா:
எட்டுன்னா பயிற்சியிலயா, ஆட்டத்துலயா? வரிசையா பத்து போட்டா, மூணாவதுல தப்பினதை நாலாவதுல கை தானா திருத்திக்கும். ஆட்டத்துல ஒண்ணு போட்டுட்டு ராலி ஓடி, மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்தது. விசில் ஊதினா 8 நொடிக்குள்ள அடிக்கணும். ரெண்டு ரெண்டா போட்டு, நடுவுல வலை வரைக்கும் ஓடிட்டு வந்து எண்ணிப் பாருங்க.

செம்மண் பாடாங்:
பின்வரிசையில பந்து வாங்குற லிபரோவுக்கு சர்வீஸ் போடவே அனுமதி இல்ல. சர்வீஸ் போடுறவங்க பேசட்டும்.

லிபரோ அக்கா:
சர்வீஸை வாங்குறது நாங்கதானே! எது வாங்கக் கஷ்டம்னு எங்களைக் கேக்காம யாரைக் கேப்பீங்க? அது கிடக்கட்டும், அந்தக் குதிப்புக் கணக்கைப் பாருங்க. சுவர்ல சுண்ணாம்பு விரலால தொட்ட உயரத்தை மட்டும் எழுதுறீங்க. வளர்ற பிள்ளைக்கு உடம்பு நீள நீள அந்தக் கோடு தானா மேல போகும். நின்னு தொடுற உயரத்தையும் அதே நாள்ல அளந்து கழிச்சாத்தான் குதிப்பு தெரியும். மூணு மாசத்துல பத்து சென்டிமீட்டர்னு துரத்தினா, இறுகிப் போன தரையில குதிச்சுக் குதிச்சு முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சு வலிக்க ஆரம்பிக்கும். 14 வயசுல அது சர்வ சாதாரணம்.

நெட்டோரம்:
குதிப்பை அப்புறம் பேசலாம். எட்டுக்கு வாங்க. பின்கோட்டுல இருந்து 2 மீட்டர் உள்ள தள்ளி ஒரு டேப் ஒட்டுங்க. ஒண்ணாம் இடம், அஞ்சாம் இடம், ரெண்டு மூலை. அந்தப் பட்டைக்குள்ள பத்துக்கு அஞ்சு விழுந்தா அது இலக்கு. உள்ள விழுந்ததெல்லாம் எட்டுன்னு எழுதினா, அது பெத்தவங்களுக்குக் காட்டுற ரிப்போர்ட்டு.

தீபாவளிக் கோப்பை:
சாயங்காலக் காத்துல செம்மண் தரையில டேப் ஒட்டி சர்வீஸ் போட்டுப் பாருங்க அண்ணே. நீங்க டேவான்ல, உள்ளரங்க மண்டபத்துல, நின்னு பேசுறீங்க. தோட்டத்துத் திடல்ல எட்டு போடுறவனுக்கு டேவான்ல ஒன்பது விழும்.

நெட்டோரம்:
விழாது. டேவான்ல கூரை உயரம், விளக்கு, பின்சுவர் எல்லாம் வேற. தூரம் கண்ணுக்குத் தப்பும். தோட்டத்து அணி மாவட்டப் போட்டிக்கு வந்து முதல் செட்டுல தடுமாறுறதே அதனாலதான்.

தீபாவளிக் கோப்பை:
தடுமாறினது திடலாலயா, அணித் தேர்வுல ஆளை மாத்தினதாலயா? அதை எழுதுங்க முதல்ல. நாலு தோட்டத்துப் பிள்ளைங்க வெளிய உக்காந்திருந்துச்சு.

செம்மண் பாடாங்:
சரியாச் சொன்னீங்க. ஆளை எடுத்தவங்க இப்ப இலக்கு பேச வந்துட்டாங்க.

நெட்டோரம்:
நான் யாரையும் எடுக்கல. பேச்சை மாத்தாதீங்க. எட்டு தப்பு.

லிபரோ அக்கா:
சர்வீஸ் மட்டும்தான் இலக்கா? வாங்குறதுக்கும் மதிப்பெண் இருக்கே. யாருக்குத் தூக்கிக் குடுக்கவும் செட்டருக்கு எல்லா வழியும் திறந்தா 3, ரெண்டு வழின்னா 2, பந்து உயிரோட மட்டும் இருந்தா 1, நேரா புள்ளி போனா 0. இருபது பந்துக்கு சராசரி 2 வந்தா நல்ல ஆட்டக்காரி. இதை அந்தத் தாள்ல ஒருத்தரும் எழுதலையே.

செம்மண் பாடாங்:
எழுதலாம். ஆனா எட்டு மாறாது. வேணும்னா உங்க பிள்ளைங்களுக்கு அஞ்சு வச்சுக்குங்க, தீபாவளிக் கோப்பைப் போட்டியில பாத்துக்கலாம்.

நெட்டோரம்:
பாத்துக்கலாம். டேப்பை நானே கொண்டாறேன்.