புதுப்பிப்பு: லேசர் சதுரம் ஓரளவு நேராகிவிட்டது

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுச் சுவரில், இரண்டு கால்வோ கண்ணாடிகளைக் (மோட்டாரால் வேகமாகத் திரும்பும் சிறு கண்ணாடிகள்) கொண்டு லேசரால் சதுரம் வரைந்தால் இரு பக்கங்கள் உள்ளே வளைகின்றன என்று போன மாதம் புலம்பியிருந்தேன். மோட்டாரைத் திட்டியது தப்பு. பெரும்பகுதி கணக்குப் பிழைதான்.

கண்ணாடி திரும்பும் கோணத்தைப்போல் இரு மடங்கு கதிர் திரும்பும். கண்ணாடி 1 மில்லிரேடியன் (ஒரு டிகிரியில் சுமார் பதினேழில் ஒரு பங்கு) பிசகினால், 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி 4 மில்லிமீட்டர் விலகிவிடும்! அதோடு புள்ளி நகரும் தூரம் கோணத்தின்படி அல்ல, டேஞ்சன்ட்படி வளரும். மேலும் கீழும் போகப் போகக் கதிர் ஓடும் தூரமும் கூடும்; வளைவு அதனால்தான்.

இவற்றைக் கணக்கில் எடுக்கும் சூத்திரத்தைப் போட்டதும் பாதி சரி. மிச்சத்துக்குச் சுவரில் வரைபடத்தாள் ஒட்டி, 81 புள்ளிகளில் பிழையை அளந்து அட்டவணையாக்கினேன் (கழுத்து இன்னும் வலிக்கிறது). இடைப்பட்ட இடங்களுக்கு, சுற்றியுள்ள நான்கு புள்ளிகளிலிருந்து திருத்தம் கணக்கிடப்படுகிறது.

"தம்பி, எப்பவும் ஒரே பக்கத்தால வந்து அளவும்" என்று இங்கே ஓர் அண்ணை சொன்னது பலித்தது. மோட்டார் தாங்கியின் (பேரிங்) உராய்வால், எந்தப் பக்கமிருந்து திரும்பி வந்தது என்பதைப் பொறுத்துக் கண்ணாடி நிற்கும் இடம் சற்று மாறி, அளவைக் குழப்பியிருக்கிறது. குளிர்ந்த மோட்டாரில் எடுத்த முதல் அட்டவணையும் வீண். இப்போது 20 நிமிடம் ஓடவிட்ட பிறகே அளக்கிறேன்.

மூலைகள் மட்டும் இன்னும் 2 மில்லிமீட்டர் அடம்பிடிக்கின்றன. அங்கே புள்ளிகளை நெருக்கிப் பார்க்கப் போகிறேன்.